ஈப்போவில் பிறந்த அப்புக்காத்து



யாழ்ப்பாணப் பொது நூலகத்துப் பக்கமாய்ப் போகும்போது வானளாவ நிற்கும் ஓர் உயரமான தூணை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். தந்தை செல்வாவின் நினைவுத் தூண் அது. யார் அவர் என்று பிள்ளைகள் கேட்டால், தமிழுக்காகப் போராடியவர், சமஷ்டி கேட்டவர் என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். சொல்வது பிழையன்று. ஆனால் அவருடைய வாழ்வு திரும்பிய இடம் மொழிச் சட்டமன்று; அதற்கு எட்டு ஆண்டுகள் முந்தி வந்த வேறொரு சட்டம். அந்தச் சட்டம் யாழ்ப்பாணத்தவர் ஒருவரையும் தொடவில்லை. அது தொட்டது நம்மவர் அநேகர் அந்நாளில் ஏறெடுத்தும் பாராத ஒரு சனத்தை. அதனாலேயே இந்த வாரம் அவரைப் பற்றி உங்களுக்கு எழுத விரும்பினேன்.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர், புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர். சைவர்கள் பெருவாரியாக வாழும் காங்கேசன்துறைத் தொகுதி அவரைத் திரும்பத் திரும்பத் தன் பிரதிநிதியாக அனுப்பியது என்பதையும், அவர் தம் விசுவாசத்தை விற்கவோ மறைக்கவோ இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் திகதி மலாயாவில் ஈப்போ நகரில் பிறந்தார். தகப்பனார் தெல்லிப்பழையில் வாத்தியாராக இருந்தவர். பிழைப்புத் தேடி மலாயாவுக்குப் போனவர். அந்நாளில் அப்படிப் போனவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புகையிரதக் கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் அளவைத் திணைக்களத்திலும் உத்தியோகம் பெற்று, அங்கிருந்து மாதாமாதம் காசனுப்பிக் கல்வீடு கட்டி, வயதானபின் மலாயாப் பென்சனோடு ஊருக்குத் திரும்பினார்கள். உங்கள் பூட்டன்மாரில் ஒருவராவது அப்படிப் போயிருப்பார்.

அதே ஆண்டுகளில் தென்னிந்தியாவிலிருந்து இன்னொரு கூட்டம் கடல் கடந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்தது. முதலில் கோப்பித் தோட்டங்களுக்கு, கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைக்கு. கங்காணி கொடுத்த முற்பணக் கடனைத் தலையில் சுமந்துகொண்டு தோணியில் ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையும் காட்டுவழியே கால்நடையாய் நடந்தார்கள். வழியிலே காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. பிற்காலத்தில் மண்டபம் முகாமில் அடைத்து வைத்துப் பரிசோதித்து அனுப்பினார்கள். இரண்டு கூட்டமும் தமிழர். இரண்டும் ஆங்கிலேயன் ஆட்சியில் பிழைப்புத் தேடிப் புலம்பெயர்ந்தவை. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா போனவரை ஐயா என்றார்கள். தமிழகத்திலிருந்து மலைக்கு வந்தவரைக் கூலி என்றார்கள். வித்தியாசம் இவ்வளவே.

செல்வநாயகம் இதைச் சிறு வயதில் எண்ணிப் பார்த்தாரோ தெரியாது. நான்கு வயதளவில் தாயோடும் சகோதரரோடும் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். தகப்பனார் தொழிலுக்காக மலாயாவிலேயே இருந்தார். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் ஒரு கரையிலும் உழைப்பவர் மறுகரையிலும் இருக்கும் வாழ்வு இன்றைக்கு நம் வீடுகளுக்குப் புதிதல்லவே. தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, பிறகு கொழும்பு முகத்துவாரத்தில் அந்நாளிலிருந்த பரி. தோமாவின் கல்லூரி என்று படித்தார். தோமாவின் கல்லூரியில் அதே காலத்தில் படித்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. பின்னொரு நாளில் இருவரும் ஒரு மேசையின் இரு பக்கத்திலும் அமர்ந்து ஒப்பந்தம் எழுதப் போகிறவர்கள்.

இலங்கைக்கு அந்நாளில் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் இல்லை. ஆகையால் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராகவே விஞ்ஞானப் பட்டம் பெற்றார். காணாத தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்று, தன் வாசற்படியை மிதியாத பிள்ளைக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்தது. வெளிநாட்டான் என்று தள்ளவில்லை. பிறகு ஆசிரியரானார். முதலில் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் சாகக்கிடந்த தம்பியைப் பார்க்கப் போக லீவு மறுக்கப்பட்டபோது வேலையை விட்டுவிட்டார் என்பார்கள். பிறகு வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே சட்டக் கல்லூரியில் படித்து அப்புக்காத்தானார்.

சிவில் வழக்குத்தான் அவருடைய துறை. காணி உறுதி, தோம்பு, முதிசம், மரணசாசனம் என்று கட்டுக் கட்டாய்க் கடதாசி புரட்டுகிற வேலை. யூரிகளை அழவைக்கும் பேச்சு அவரிடமில்லை. மெலிந்த உடம்பு, தணிந்த குரல். ஆனால் ஒரு பத்திரத்தில் எழுதியிருப்பதற்கு உண்மையில் என்ன பொருள், அது நாளைக்கு யாருடைய தலையில் விழும் என்று பார்ப்பதில் அவருக்கு நிகரானவர் சிலரே. 1927இல் எமிலி கிரேஸ் பார் குமாரகுலசிங்கத்தை மணந்தார். நான்கு ஆண்பிள்ளைகளும் ஒரு பெண்பிள்ளையும். கொழும்பில் நல்ல வருமானம். 1947இல் அரச சட்டத்தரணியானார். அவ்வளவோடு நின்றிருந்தால் மதிப்போடும் வசதியோடும் இருந்து, பேரப்பிள்ளைகளுக்கு முதிசம் விட்டுப் போயிருப்பார். நாமும் அவரை மறந்திருப்போம்.

ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசில் சேர்ந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறை அங்கத்தவராகப் பாராளுமன்றம் போனார். அதே தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் தங்கள் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் அங்கத்தவர் ஏழு பேரை அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் வந்தது.

வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் சற்றுப் பொறுமையாய் வாசிக்கவேண்டும். சட்ட விஷயமென்று தாண்டிப் போய்விடாதீர்கள். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி அமலுக்கு வந்தது. அதன்படி அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரஜையாக வேண்டுமானால், தகப்பனாவது இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். அட்டன் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுடைய தகப்பனும் அதே லயத்தில் பிறந்திருந்தால் அவன் பிரஜைதானே? ஆம், காட்டமுடிந்தால். அந்தத் தகப்பனுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு அவன் எங்கே போவான்? கங்காணியின் பேரேட்டில் கடன் எழுதியிருக்கும். பிறந்த திகதி எழுதியிராது. ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றே வயதுக்கும் ஊருக்கும் சாட்சியாயிருந்த குடும்பங்கள் எத்தனையென்பதைப் பழைய பங்குக் குருக்கள் அறிவார்கள். கிறிஸ்தவரல்லாதவருக்கு அதுவுமில்லை.

இன்னொன்று. இலங்கைக்கு வெளியே பிறந்தவருக்கு அதே சட்டம் இன்னும் கடுமையானது: தகப்பனும் பாட்டனும் இருவருமே, அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அந்தப் பாராளுமன்றத்தில் எழுந்து அதை எதிர்த்த காங்கேசன்துறை அங்கத்தவர் ஈப்போவில் பிறந்தவர்! தெல்லிப்பழையில் அவருடைய தலைமுறைகளை ஊரே அறியும்; ஆகையால் அவருக்கு ஆபத்தில்லை. ஆனால் தாமும் வாத்தியார் ஒருவர் கப்பலேறிப் போனதால் பிறநாட்டில் பிறந்த பிள்ளைதான் என்பதை, கடதாசி வாசிக்கத் தெரிந்த அந்த அப்புக்காத்து காணாமலா இருந்திருப்பார்?

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். அவர்களிற் பெரும்பாலார் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அது ஒரு பக்கக் கதவைச் சற்றே திறந்து வைத்ததுபோல. விவாகமானவர் 1946ஆம் ஆண்டு தொடக்கத்துக்கு முன் ஏழு ஆண்டும், விவாகமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். போதிய சீவனோபாயம் காட்டவேண்டும். இடையில் இந்தியாவில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் இடைவிடாத வாசம் முறிந்துவிடும். தாய்க்கு நோயென்று திருச்சிப் பக்கம் போய் மாட்டிக்கொண்டவன் கதி என்ன? விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுத் தவணை. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி கதவு மூடப்படுமுன் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களுக்காக வந்து குவிந்தன. விசாரணைகள் பல ஆண்டுகள் இழுபட்டன. முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் 1,34,000 அளவினரே. இடையில் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜையல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இனி நம்மவர் செய்ததைச் சொல்லவேண்டும். 1948இல் முதற் சட்டத்தைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தே வாக்களித்தது. அது நல்ல காரியம். அதற்குப் பிறகு பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் சேர்ந்தார். 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவருடைய ஆதரவு போயிற்று. அதற்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. அரசாங்கத்தோடிருந்தால் யாழ்ப்பாணத்துக்குத் தொழிற்சாலைகள் வரும் என்பது ஒன்று. தொழிற்சாலைகள் வரவும் செய்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியிலேயே எழுந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு உத்தியோகம் கிடைக்கும்போது, மலையில் எவனோ வாக்கிழந்தால் நமக்கென்ன என்ற எண்ணம் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் இருந்தது. இதை நான் பழித்துச் சொல்லவில்லை. நானும் அந்நாளில் அந்தத் திண்ணைகளில் ஒன்றில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் பேசியிருப்பேனோ அறியேன்.

செல்வநாயகம் விலகினார். கு. வன்னியசிங்கமும் டாக்டர் இ. மு. வி. நாகநாதனும் அவரோடு வந்தார்கள். இன்றைக்கு அவர்களைத் தொட்ட இந்தக் கை, நாளைக்கு மொழிப் பிரச்சினை வரும்போது நம்மையும் தொடும் என்பது அவருடைய வாதம். ஆனால் இதை வெறும் தந்திரக் கணக்காக மட்டும் பார்த்தால் அவரைக் குறைவாக மதித்தவராவோம். தமக்கு வாக்களிக்க முடியாத, தம் தொகுதியில் ஒருவரும் இல்லாத ஒரு சனத்தின் உரிமைக்காக, தம்மை அரசியலுக்குக் கொண்டுவந்த தலைவரையும் கட்சியையும் அவர் விட்டார். 1949 டிசம்பர் 18ஆம் திகதி கொழும்பு மருதானையில் அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில் தமிழரசுக் கட்சி பிறந்தது. நம் நாட்டுத் தமிழர் அரசியலின் பெரிய கட்சி ஒன்று மலைநாட்டார் பிரஜாவுரிமை என்ற கேள்வியினாலேயே பிறந்தது என்பதை இன்றைக்கு எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறை அவரைத் தோற்கடித்தது. யாழ்ப்பாணத்துக்கு அந்த அப்புக்காத்தின் கணக்கு அப்போது விளங்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது விளங்கிற்று. அவ்வாண்டு ஜூன் 5ஆம் திகதி காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள்மேல் குண்டர்கள் பாய்ந்ததும், 1957 ஜூலை 26ஆம் திகதி பழைய கல்லூரித் தோழர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் கைச்சாத்தானதும், அடுத்த ஏப்ரலில் அது கிழிந்ததும், 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் ஆணும் பெண்ணும் வெயிலில் கிடந்ததும், அவர் பனாகொடை முகாமில் மாதக்கணக்காய் அடைபட்டதும் நீங்கள் அறிந்த கதைகள்; அவற்றை விரிக்கவில்லை. ஒன்று மட்டும். அந்த 1957ஆம் ஆண்டு ஒப்பந்தப் பேச்சிலும் மலைநாட்டாருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும்படி அவர் வற்புறுத்தினார். விரைவில் கவனிக்கப்படும் என்ற வாக்கு மாத்திரம் கிடைத்தது.

புகழ்ச்சியே எழுதுவதானால் இங்கே நிறுத்தலாம். ஆனால் ஒருவருடைய வாழ்வை எழுதுகிறவன் குறையையும் எழுதக் கடமைப்பட்டவன். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மிகுதி 1,50,000 பேரின் காரியம் பிறகு பார்க்கலாமென்று ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் அவர்களையும் பாதி பாதியாய்ப் பிரித்தார்கள். ஆடு மாடு பங்கிட்டதுபோல. பிரிக்கப்பட்டவர்களைக் கேட்டார் இல்லை. 1965 மார்ச்சில் செல்வநாயகம் டட்லி சேனநாயக்காவோடு எழுதிய ஒப்பந்தத்தில் மொழி உண்டு, மாவட்ட சபை உண்டு, குடியேற்றக் காணி உண்டு. மலைநாட்டாரின் பிரஜாவுரிமை இல்லை. அந்த அரசாங்கத்துக்குத் தமிழரசுக் கட்சி ஆதரவு கொடுத்திருந்த காலத்திலேயே, 1967இல், அந்தப் பங்கீட்டை நிறைவேற்றும் சட்டமும் நிறைவேறியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்காகக் கட்சியை உடைத்தவர் இம்முறை ஏன் அவ்வளவு உறுதியாய் நிற்கவில்லை? நோய் ஒரு காரணமாயிருக்கலாம். எட்டியதைப் பிடித்துக்கொள்வோம் என்ற எண்ணமும் இருக்கலாம். எனக்கு இது அவருடைய வாழ்வில் மனம் ஒப்பாத ஓர் இடம். இராமேஸ்வரத்துக்குப் போகும் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் தலைமன்னார்த் துறையில் அழுத அழுகையைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே போனால் அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர். இங்கே இருந்தபோது இந்தியாக்காரர்.

பார்க்கின்சன் நோய் அவரை வருடக்கணக்காய் வாட்டியது. கைகள் நடுங்கின; ஏற்கெனவே மெல்லிய குரல் பக்கத்திலிருப்பவர் குனிந்து கேட்டுச் சொல்லவேண்டிய அளவுக்குத் தேய்ந்தது. அந்த நிலையிலும் 1972இல் புதிய அரசியலமைப்பை மக்கள் ஏற்கவில்லையென்று காட்டத் தம் ஆசனத்தைத் துறந்து இடைத்தேர்தல் கேட்டார். அரசாங்கம் 1975 பெப்ரவரி வரை தேர்தலைத் தள்ளிப்போட்டது. வென்றார். அதற்குமுன் 1972இல் அமைந்த தமிழர் கூட்டணியில் பொன்னம்பலமும், தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானும் அவரோடு ஒரே வரிசையில் அமர்ந்திருந்தார்கள். 1949இல் பிரிந்தவர், பிரிவுக்குக் காரணமான சனத்தின் தலைவர், பிரிந்து போனவர் மூவரும் ஒரே மேடையில். 1976இல் வட்டுக்கோட்டையில் தனி அரசு என்ற தீர்மானம் வந்தபோது தொண்டமான் அதில் சேர்ந்து கொள்ளவில்லை; மலைநடுவே சிதறி வாழும் தம் மக்களுக்கு அது எவ்வகையிலும் உதவாதென்பது அவருடைய நியாயம். செல்வநாயகம் அடுத்த ஆண்டு வீட்டில் விழுந்து நினைவிழந்து, 1977 ஏப்ரல் 26ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் இறையடி எய்தினார்.

அவருக்குப் பிறகு அவருடைய குடும்பத்துக்கே வந்த காரியம் ஒன்றைச் சொல்லவேண்டும். மகளை மணந்த பேராசிரியர் அ. ஜெயரத்தினம் வில்சன் பேராதனையில் அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தவர். 1972இல் கனடாவில் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போய், குடிவந்த பேராசிரியராய் வாழ்ந்து, அங்கிருந்தே தம் மாமனாரின் வாழ்வை நூலாக எழுதினார். மகன் எஸ். சி. சந்திரகாசன் தகப்பனைப்போல் வழக்கறிஞர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தமிழகத்துக்குப் போனவர், அங்கே அகதியாய் வந்திறங்கிய நம்மவருக்காகச் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1985 ஆகஸ்டில் இந்திய அரசு அவரையே நாடுகடத்த உத்தரவிட்டு விமானத்தில் ஏற்றியது. பிறகு திரும்பிவர இடங்கொடுத்தது. மற்றவரின் கடதாசிக்காக அலைந்தவருக்குத் தன் கடதாசியே கேள்வியானது.

முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பதிவு எடுப்பதும், கொழும்பிலே அதைப் பிரஜாவுரிமையாகப் பதிவதற்கு வழிகாட்டுவதும், பத்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப இடந்தேடிக் கொடுப்பதும், மனமுடைந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு அகதிகளிலிருந்தே ஆட்களைப் பழக்குவதும் அந்தக் கழகம் செய்த வேலைகள். தமிழக அரசு அகதிப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகளில் இடம் ஒதுக்கியிருந்தது, 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் சில ஆண்டுகள் அந்த வாசல் அடைபட்டது, மறுபடி திறந்தது. அப்படிப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் சிலர் இன்று உங்கள் ஊரிலேயே ஆசிரியராயும் தாதியராயும் இருக்கக்கூடும். 1948இல் மலைநாட்டானிடம் கேட்ட அதே கேள்வி — உன் தகப்பன் எங்கே பிறந்தான், கடதாசி எங்கே — நாற்பது ஆண்டுக்குள் யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் மண்டபம் முகாமில் கேட்கப்பட்டது. ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஆட்களைப் பிடித்து அனுப்பிய அதே மண்டபம்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1958இலும் 1977இலும் அடிபட்டு மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. குடாநாட்டுக்குள்ளே அவர்கள் வந்தது பெரும்பாலும் வேறு விதமாக. பத்து வயதுப் பிள்ளை, வீட்டு வேலைக்கு. நம் கத்தோலிக்க வீடுகளும் இதற்கு விலக்கல்ல. நாலு மணிக்கு எழுந்து முற்றங் கூட்டிய அந்தப் பிள்ளையை ஞாயிறு பூசைக்குக் கூட்டிவந்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர்கள் குறைவு. தோட்டக்காட்டான் என்ற சொல்லை நாம் எவ்வளவு இலேசாய்ச் சொல்லி வந்தோம் என்பதை நினைத்தால், அந்நியனாய் வந்தபோது என்னை ஏற்றுக்கொண்டாயா என்று கடைசி நாளில் நம் ஆண்டவர் கேட்கப்போகும் கேள்வி நெஞ்சில் தைக்கிறது.

குருமடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இலத்தீனில் என்னைவிடக் கெட்டிக்காரர். அரசாங்கப் பத்திரங்களில் பரம்பரைப் பிரஜையா பதிவுப் பிரஜையா என்று கேட்கும் ஒரு கட்டம் இருந்ததை நான் கவனித்ததேயில்லை; என் பேனா தானாகவே முதலாவதைக் கீறிவிடும். அவர் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அவருடைய பாட்டனார் சாகும்வரை எந்த நாட்டவருமல்லர். தகப்பனாருக்குக் கடதாசி கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜாவுரிமை வழங்கிய சட்டம் அது. தந்தை செல்வா மறைந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2023இல், முதல் வந்தவர்கள் காலடி பட்டு 200 ஆண்டு ஆனதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியே மலையகத்தார் நடந்தார்கள். இந்நாளில் அவர்களுடைய பிள்ளைகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் வருகிறார்கள், வேலைக்காரராக அல்ல, மாணவராக. சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள். விடுதியில் எல்லாருக்கும் இடம் போதாது. திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கல்வியங்காட்டிலும் வாசல் வாசலாய் அறை தேடுவார்கள். எந்த ஊர் என்று வீட்டுக்காரர் கேட்பார். நுவரெலியா என்றோ அட்டன் என்றோ சொன்னதும், அறை இப்போதுதான் கொடுபட்டது என்று பதில் வரும். இதை எனக்குச் சொன்ன பிள்ளைகள் கோபத்தோடு சொல்லவில்லை, பழகிப்போனவர்களைப்போலச் சொன்னார்கள். கடிதாசி விஷயங்களிலும் அவர்களுக்கு உதவி தேவைப்படுகிறது. தாயின் விவாகப் பதிவில் ஒரு பெயர், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இன்னொரு பெயர்; உதவிப் பணத்துக்கு மனுப்போட்டால் திருப்பியனுப்புகிறார்கள். ஒரு நொத்தாரிசோ ஓய்வுபெற்ற ஒரு பதிவாளரோ அரை மணித்தியாலம் இருந்து சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்தால் தீரும் வேலை.

பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அறையுள்ள வாசகர்கள், வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கள் பங்குத்தந்தையிடம் விலாசத்தைக் கொடுத்து வையுங்கள். சட்டம் தெரிந்தவர்கள் தங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் அதே கடதாசியில் குறித்துவிடுங்கள். பெண்பிள்ளைகள் தங்கக்கூடிய அறையானால் அதையும் எழுதுங்கள். அவர்கள்தான் அதிகம் தேடி அலைகிறார்கள்.